விடுமுறைக் கூலி

கண்ணாடியில் செருகிய கொடி
ஆயர் ஈத்தாம் தாண்டுவதற்குள் காம்பொடிந்து
ஒருபக்கம் தலைசாய்த்துக்கொண்டது.
பினாங்கு முழுக்க இன்று சாலையில்.
மலைவளைவில் டுரியான் லாரி, சைக்கிள் கூட்டம்,
கோலாலம்பூர்க் கார்கள் வால்பிடித்து.
எல்லாருக்கும் மெர்டேக்கா,
எனக்கு ஸ்டியரிங்.

பின்னால் சேலத்துக் குடும்பம், நாலு பேர்.
இளம்பிள்ளையில் பதினாறு விசைத்தறி தனக்கு என்பதை
முதல் வளைவிலும் ஐந்தாம் வளைவிலும் சொன்னார்
செங்கோட்டுவேல்.

"நெசவுக் கிராமம்னீங்களே, தறி எங்க?"

தறி கிடையாது.
சிமெண்டுத் தரை, மேசை விசிறி,
சப்பணமிட்ட ஏழு பெண்கள்,
நடுவில் தாழைமடல் ஓர் ஆள் உயரத்துக்கு.
தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசியில்
அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது.

நோர்லைடா நிமிரவில்லை.
நாளைக் காலை ஒன்பதுக்கு முந்நூற்று இருபது பாய்,
தட்டுக்கு அடியில் விரிக்கிற சின்னப் பாய்,
ஃபெரிங்கி ஹோட்டலுக்கு.
பேச நேரமில்லை.
பார்க்கவேண்டுமென்றால் உட்காரட்டும்,
உட்கார்ந்தால் முள் எடுக்கட்டும்.

தமிழில் சொன்னேன்,
கொஞ்சம் சர்க்கரை சேர்த்து.

மடலுக்கு மூன்று வரிசை முள்:
ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு,
தெரியாமல் முதுகில் ஒன்று.
அந்த மூன்றாவதில்தான் எல்லாரும் மாட்டினோம்.

"தாழை இருந்தா பாம்பு இருக்குமே,"
காலை இழுத்துக்கொண்டார் கோகிலவாணி.
மலாயில் கேட்டேன்.
இருக்கும், நேற்றுகூட வந்தது, என்றாள் நோர்லைடா,
வேலை கொடுத்தோம்,
ஓடிவிட்டது.

ஏழு பேரும் சிரித்தார்கள். கை நிற்கவில்லை.
கைபேசியில் போர்விமானங்கள் கிழித்துப் போனபோது
கண்கள் எல்லாம் அங்கே போயின,
விரல்கள் இங்கேயே இருந்தன:
இரண்டின் மேல், ஒன்றின் கீழ்,
திரும்ப இரண்டின் மேல்.

செங்கோட்டுவேல் வெகுநேரம் பார்த்தார்.
"நூல் அறுந்தா என் தறி தானா நின்னுடும்.
இது எதுக்குங்க நிக்கும்?"

மக்ரிபுக்கு, என்றாள்.

அவர் மகள் ஒரு பாய் முடைந்தாள்.
மூன்று மூலை மடிந்தது, நாலாவது மடியேன் என்றது.
நோர்லைடா புரட்டிப் பார்த்து
கணக்கில் வராது என்று
என் மடியில் போட்டாள்.

மாலைக்குள் இருநூற்றுப் பத்து.
மிச்சம் இரவுக்கு.
சரக்கு லாரிக்காரனுக்கும் இன்று சுதந்திரமாம்.
அவள் பார்வை என் வேனை அளந்தது:
உன் ஆட்கள் தங்குவதும் அதே ஹோட்டல்தானே?

விடுமுறை நாள், இரட்டைக் கூலி, என்றேன்.
நாங்களும் ஹோட்டலில் அதைத்தான் கேட்டோம், என்றாள்.
என்ன சொன்னார்கள்?
மெர்டேக்கா வாழ்த்துச் சொன்னார்கள்.

நாற்பது ரிங்கிட் நீட்டினாள்.
முப்பது எடுத்துக்கொண்டேன்.
ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன், பெட்ரோலே இருபது.

தெலுக் பகாங்கில் கார்கள் அசையவில்லை.
ஆளுக்கொரு கட்டு மடியில்,
வேன் முழுக்கக் காய்ந்த ஓலையும் சாயமும் மணக்க.
மனைவியின் ஊக்கை வாங்கிக் கட்டைவிரலைக்
குடைந்துகொண்டிருந்தார் செங்கோட்டுவேல்.

"தம்பி, அந்தம்மாவுக்கு மாசச் சம்பளமா,
உருப்படிக் கணக்கா?"

உருப்படிக் கணக்கு.

ஊக்கு நின்றது.
"தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம்," என்றார்,
என்னிடம் இல்லை.
"நம்ம ஆளுங்களும் ராத்திரி தறியிலதான் இருப்பாங்க இப்ப."
அப்புறம் பதினாறு என்ற எண்ணை
அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

முள் வந்ததா என்று தெரியாது.
ஹோட்டல் வாசலில் கட்டுகளை அவரே இறக்கினார்,
எண்ணி, கையெழுத்து வாங்கி,
சீட்டை என் சட்டைப்பையில் திணித்தார்.

நாலாவது மூலை மடியாத பாய்
இப்போது என் முன்கண்ணாடிக்குக் கீழே.
பார்க்கிங் சில்லறை அதில்தான்.
பிரேக் போடும்போதெல்லாம்
அந்த மூலை வழியாக
பத்துக் காசு ஒன்று
எங்கோ இறங்கிப் போகிறது.